வெண்மை தரும் பூச்சுக்களும் வெயிலில் உழைப்போரும்

கிருமிநாசினிப் போத்தல் ஒன்றை வாங்கும் கமக்காரர் அதன் லேபலில் மூன்று விடயங்களைத் தேடிப் பார்ப்பார். உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் என்ன? ஒரு தாங்கிக்கு எத்தனை மில்லிலீற்றர்? தெளித்த பின் எத்தனை நாள் கழித்து அறுவடை செய்யலாம்? இவை தெரியாமல் மிளகாய்த் தோட்டத்திற்குள் இறங்குபவர் எம்மிடையே குறைவு. அதே வீட்டில், முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில், லேபல் இல்லாத சிறு டப்பா ஒன்றில் முகத்துக்குப் பூசும் வெள்ளைக் கிறீம் இருக்கும். அதற்குள் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, எத்தனை நாள் பூசலாம் என்று கேட்டால் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. சந்தையில் அதை விற்றவருக்கும் தெரியாது.

இவ்விதழின் சுகாதாரப் பாடத்திற்கு, இத்தகைய பூச்சுக்களில் சேர்க்கப்படும் ஒரு பொருளையே எடுத்துக்கொண்டோம். அதன் பெயர் ஐதரோகுவினோன். அதனை முற்றாகத் தீய பொருள் என்று தள்ளிவிட முடியாது. அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தோல் வைத்தியர்கள் அதனை மருந்தாகப் பாவித்து வருகிறார்கள். அதனால் குணமடைந்தோர் ஏராளம். ஆயினும் வைத்தியரின் கையில் மருந்தாக இருக்கும் அதே பொருள், நிறத்தை மாற்றும் ஆசையோடு ஆண்டுக்கணக்கில் பூசப்படும்போது, முகத்தை மீட்கமுடியாதபடி கறுக்கச் செய்கிறது. அதிலும் வெயிலில் நின்று உழைப்பவர்களுக்கே ஆபத்து மிக அதிகம். சொந்தக் காணியை இழந்து, பிறர் தோட்டத்தில் கூலிக்கு வெங்காயம் நட்டும் களை பிடுங்கியும் வாழும் எமது பெண்கள் இதை அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே சற்று விரிவாக எழுதுகிறோம்.

நிறம் எங்கிருந்து வருகிறது?

எமது மேற்றோலின் அடிப்பகுதியில் மெலனின் என்னும் நிறப்பொருளை உண்டாக்கும் கலங்கள் இருக்கின்றன. கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் இக்கலங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். அவை எவ்வளவு மெலனினை, எந்த வகையில் உண்டாக்குகின்றன என்பதிலேயே வேறுபாடு. இந்த மெலனின் அழுக்கோ குறையோ அல்ல. வெயிலோடு வரும் புறஊதாக் கதிர்கள் தோலின் உட்கலங்களைச் சிதைக்காதபடி தடுக்கும் குடை அது. நாள் முழுதும் வயலில் நின்றவரின் முகம் கறுப்பது, உடம்பு அந்தக் குடையை இன்னும் சற்று அகலமாக விரித்ததன் அடையாளம்.

மெலனின் உண்டாவதற்குத் தைரோசினேஸ் என்னும் ஒரு நொதியம் தேவை. ஐதரோகுவினோன் அந்த நொதியத்தின் வேலையைத் தடுக்கிறது. புதிய நிறப்பொருள் உண்டாவது குறைய, பழைய தோல் நாளடைவில் உதிர்ந்துபோக, பூசிய இடம் மெல்ல வெளுக்கிறது. இதற்கு ஒரு மாதத்திற்கு மேல் செல்லும். பூசுவதை நிறுத்தினால் நொதியம் மீண்டும் வேலையைத் தொடங்கும். நிறமும் மெல்லத் திரும்பும். ஆகவே இது நிறத்தை நிரந்தரமாக மாற்றுவதில்லை. தடுப்பு இருக்கும் வரைக்குந்தான் வெண்மை. 'மூன்றே நாளில்', 'ஏழே நாளில்' என்று சொல்லி விற்கப்படும் கிறீமில் இப்பொருள் மட்டுந்தான் இருக்கும் என்று நம்ப முடியாது. அதைப் பின்னர் பார்ப்போம்.

இப்பொருள் அழகுசாதனத்திற்கென்று பிறந்ததும் அல்ல. முன்னைய நாட்களில் ஸ்ரூடியோக்களில் இருட்டறைக்குள் படச்சுருளைக் கழுவிப் படத்தை வரச்செய்த திரவங்களில் இது ஒரு முக்கிய சேர்மானம். இதற்கு நெருங்கிய உறவுள்ள இன்னொரு இரசாயனம் றப்பர் பழுதடையாமல் இருப்பதற்காகச் சேர்க்கப்பட்டு வந்தது. 1939ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் வேலைசெய்தவர்களின் கைகளில் வெள்ளைத் திட்டுக்கள் தோன்றியதை வைத்தியர்கள் ஆராய்ந்தார்கள். அவர்கள் அணிந்த றப்பர்க் கையுறையில் இருந்த அந்த இரசாயனமே காரணம் என்று கண்டார்கள். தொழிலாளியின் கையில் வந்த தொழில்நோயிலிருந்துதான் தோலை வெளுக்கச் செய்யும் இவ்வகை இரசாயனங்கள் பற்றிய கவனமே பிறந்தது என்பதை நினைக்கையில், முகத்தில் பூசுமுன் சற்றுத் தயங்கத்தான் தோன்றும்.

எவருக்கு நன்மை?

பிள்ளைத்தாய்ச்சிக் காலத்திலும், கருத்தடை மாத்திரை எடுக்கும் காலத்திலும், சிலவேளை காரணம் எதுவும் தெரியாமலும், சில பெண்களுக்குக் கன்னம், நெற்றி, மேலுதடு ஆகிய இடங்களில் கபில நிறத் திட்டுக்கள் படர்வதுண்டு. மங்கு என்று சொல்வார்கள். வைத்தியர்கள் மெலஸ்மா என்பார்கள். வெயில் பட இது கூடும். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் அதனைச் சுமப்பவருக்கு மனவருத்தம் உண்டு. வெறும் அழகுப் பிரச்சினை என்று அதைச் சிரித்து ஒதுக்குவது நியாயமல்ல என்பது எமது எண்ணம். பிள்ளை பெற்றபின் தானாகவே மங்கிப்போவதும் உண்டு. அப்படிப் போகாத இடத்தில் ஐதரோகுவினோன் நல்ல பலன் தருகிறது. முகப்பரு, தீக்காயம் முதலியவை ஆறிய பின் நிற்கும் கருந்தழும்புகளுக்கும் இதனைக் கொடுப்பதுண்டு.

1975ஆம் ஆண்டு அமெரிக்கத் தோல் வைத்தியர்களான கிளிக்மன், வில்லிஸ் என்ற இருவரும் 5 வீத ஐதரோகுவினோனுடன் திரெற்றினொயின், டெக்சாமெதசோன் என்னும் இரு மருந்துகளைச் சேர்த்து ஒரு கலவையை வெளியிட்டார்கள். இன்று உலகெங்கும் மெலஸ்மாவுக்குக் கொடுக்கப்படும் முக்கூட்டுக் கிறீம்கள் அதன் வழி வந்தவையே. 2002இல் அமெரிக்க அரசு அனுமதித்த முக்கூட்டுக் கிறீமில் ஐதரோகுவினோன் 4 வீதம். அது முகத்தில் உள்ள மெலஸ்மாவுக்கு மட்டும், அதுவும் எட்டு வாரம் வரையிலான குறுகிய காலத்திற்கு மட்டுமே அனுமதிக்கப்பட்டது. வைத்தியர் அதைக் கொடுக்கும்போது இரவில் திட்டின்மேல் மட்டும் பூசச் சொல்வார். பகலில் வெயில் படாமல் காக்கச் சொல்வார். குறித்த காலத்தில் நிறுத்தச் சொல்வார். கிருமிநாசினி லேபலில் நாம் தேடும் அந்த மூன்று விடயங்களும் இங்கே இருக்கின்றன.

தென்னாபிரிக்காவில் நடந்தது

அதே 1975ஆம் ஆண்டில், தென்னாபிரிக்காவில் பின்ட்லே என்னும் தோல் வைத்தியரும் அவரது சகாக்களும் முற்றிலும் வேறொரு செய்தியை வெளியிட்டார்கள். அதை விளங்கிக்கொள்ள அந்நாட்டின் அக்காலத்து நிலையைச் சிறிது அறியவேண்டும்.

அங்கே 1948இல் ஆட்சிக்கு வந்தவர்கள் நிறவொதுக்கலை அரச கொள்கையாக்கினார்கள். 1950இல் வந்த சட்டப்படி ஒவ்வொருவரும் இன்ன இனத்தவர் என்று பதியப்பட்டனர். எங்கே குடியிருக்கலாம், என்ன வேலை செய்யலாம், எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கலாம் என்பதெல்லாம் அந்தப் பதிவையே பொறுத்திருந்தன. இலட்சக்கணக்கான கறுப்பின மக்கள் தமது காணிகளிலிருந்தும் வீடுகளிலிருந்தும் பலாத்காரமாக அகற்றப்பட்டார்கள். நிலத்தை விட்டு எழும்பிப் போகச் சொன்னால் என்ன நேரும் என்பதை எமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அத்தகைய நாட்டில் சற்று வெளுத்த தோல் என்பது வெறும் அலங்காரமல்ல. நல்லதொரு வேலைக்கும் மரியாதைக்கும் திறவுகோல் என்று தோன்றியது. கிறீம் வியாபாரிகள் இதனை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். 1960களின் இறுதியில் நகர்ப்புற ஆபிரிக்கப் பெண்களுள் நூற்றுக்கு 60 பேர் வெண்மைப் பூச்சுக்களைப் பாவிப்பதாகக் கூறினார்கள். வீடுகளில் பாவிக்கப்படும் பொருட்களுள் சவர்க்காரம், தேயிலை, ரின்பால் ஆகியவற்றுக்கு அடுத்ததாக நான்காவது இடத்தில் அப்பூச்சுக்கள் இருந்தன.

முதலில் அவற்றில் பாதரசம் கலக்கப்பட்டது. அதன் கேடு வெளிப்பட்டதும், 1960களிலிருந்து ஐதரோகுவினோன் அதன் இடத்தைப் பிடித்தது. பாதரசத்தை விட இது சாதுவானது என்றே பலர் நம்பினார்கள். சில ஆண்டுகள் கழித்து மருத்துவமனைகளுக்குப் பெண்கள் வரத் தொடங்கினார்கள். அவர்களின் கன்ன எலும்பின்மேலும் கண்ணைச் சுற்றியும் தோல் தடித்து, நீலங்கலந்த கறுப்பாகி, கடுகுமணி போன்ற சிறு பருக்கள் நிறைந்திருந்தன. இதைத்தான் பின்ட்லே குழுவினர் பதிவுசெய்தார்கள். ஒக்ரோனோசிஸ் என்பது அதன் பெயர். பல ஆண்டுகள் பூசப்பட்ட ஐதரோகுவினோனால், தோலின் கீழ்த்தட்டில் மஞ்சட்கபிலமான ஒரு பொருள் படிந்து, அங்குள்ள நார்களும் பழுதடைந்து போகின்றன. மேற்றோலில் உள்ள நிறமென்றால் தோல் உதிரும்போது போகும். இதுவோ ஆழத்தில் இருப்பது. இன்றைய லேசர் சிகிச்சை கூட இதனை முற்றாக அகற்றுவதில்லை.

இதில் நாம் நன்றாகக் கவனிக்க வேண்டியது, அந்தப் பெண்கள் எப்படி அந்நிலைக்கு வந்தார்கள் என்பதே. முதல் சில மாதங்கள் முகம் வெளுத்தது. வெளுத்த தோலுக்குக் குடையில்லை. வெயில் அதை எளிதில் தாக்கியது. தாக்கிய இடம் கறுத்தது. கறுத்ததைக் கண்டவர், கிறீம் போதவில்லை என்று எண்ணி இன்னும் கூடுதலாகப் பூசினார். நிறுத்திப் பார்த்தவருக்கோ பழைய நிறம் திரும்பியது. அதைக் கண்டு பயந்து மீண்டும் தொடங்கினார். நோயை உண்டாக்கிய பொருளையே அந்நோய்க்கு மருந்தென்று நம்பிப் பூசும் நிலை. கிணற்றில் உவர் ஏறிய பின் பயிர் வாடுகிறதென்று அதே தண்ணீரை இன்னும் இறைப்பது போன்றது அது.

அரசு 1980களின் தொடக்கத்தில் ஐதரோகுவினோனின் அளவை 2 வீதமாகக் கட்டுப்படுத்தியது. அது போதவில்லை. 1989இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு மருத்துவமனையில் பரிசோதிக்கப்பட்ட கறுப்பின மக்களுள் பெண்களில் நூற்றுக்கு 42 பேருக்கும் ஆண்களில் நூற்றுக்கு 15 பேருக்கும் ஒக்ரோனோசிஸ் காணப்பட்டது. தோல் வைத்தியர்களும் கறுப்பின நுகர்வோர் அமைப்பினரும் தொடர்ந்து குரலெழுப்பினார்கள். இறுதியில் 1990இல் அழகுசாதனப் பூச்சுக்களில் ஐதரோகுவினோன் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. தோலை வெளுக்கச் செய்யும் என்று விளம்பரம் செய்வதும் தடைசெய்யப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2001இல் வெண்மைப் பூச்சுக்களில் இதனைத் தடைசெய்தது. ஐக்கிய அமெரிக்காவில் வைத்தியர் சீட்டு இல்லாமல் கடையில் வாங்கும் வழி 2020இல் மூடப்பட்டது. மருந்தாக வைத்தியர் எழுதிக் கொடுப்பதை இந்நாடுகள் நிறுத்தவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். தடைக்குப் பின்னும் தென்னாபிரிக்கச் சந்தைகளில் மறைவாக விற்பனை நடக்கிறது. ஆசை இருக்கும் இடத்தில் சட்டம் பாதி வழிதான் போகும்.

வயலில் நிற்பவரின் நிலை

நகரத்தில் நிழலில் இருந்து வேலை செய்பவர் வைத்தியரின் சொற்படி பகலில் வெயிலைத் தவிர்க்கலாம். காலை ஏழு மணிக்குக் களைபிடுங்கப் போய்ப் பிற்பகலில் வீடு திரும்பும் பெண்ணால் அது எப்படி முடியும்? வெயிற்காப்புக் கிறீமை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பூசவேண்டும். வியர்வையில் அது நில்லாது. விலையும் கூலிக்காரிக்கு எட்டாது. ஆகவே, வெயிலில் உழைப்பவர் தாமாகவே இப்பொருளைப் பூசினால் பலன் மிகக் குறைவு, சேதம் மிக அதிகம். உங்களுக்கு உண்மையிலேயே மங்கு இருந்து வைத்தியர் இதனை எழுதிக் கொடுத்தால், 'நான் நாள் முழுதும் வெயிலில் நிற்பவள்' என்பதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்குத் தெரிய வழியில்லை.

கர்ப்பிணிகள் இதனைப் பூசாமல் இருப்பதே நன்று. தோலில் பூசும் ஐதரோகுவினோனில் மூன்றில் ஒரு பங்கிற்குக் குறையாமல் உடம்புக்குள் ஊறிச் செல்கிறது. இது வேறு பூச்சுக்களோடு ஒப்பிட மிகக் கூடுதலான அளவு. வயிற்றுப் பிள்ளைக்குக் கேடு செய்தது என்று நிறுவப்படவில்லை. ஆயினும் பிள்ளை பெற்றபின் தானாகவே மங்கக்கூடிய ஒரு திட்டுக்காக அந்தத் துணிச்சல் தேவையில்லை. புற்றுநோய் வரும் என்று சிலர் பயமுறுத்துவதும் எமக்குத் தெரியும். எலிகளுக்குப் பெருமளவில் ஊட்டிய பரிசோதனைகளில் கட்டிகள் தோன்றியது உண்மை. பூச்சாகப் பாவித்த மனிதருக்குப் புற்றுநோய் வந்ததாக நிறுவப்படவில்லை. இல்லாத பயத்தைக் காட்டினால் இருக்கும் பயத்தையும் மக்கள் நம்பமாட்டார்கள்.

டப்பாவுக்குள் வேறென்ன?

லேபல் இல்லாத டப்பாவில் ஐதரோகுவினோன் எத்தனை வீதம் என்பது ஒரு கேள்வி. அதைவிடப் பெரிய கேள்வி அதோடு வேறென்ன கலந்திருக்கிறது என்பது. சில நாட்களிலேயே முகம் பளபளவென்று வந்தால் இரண்டு பொருட்களைச் சந்தேகிக்க வேண்டும்.

ஒன்று ஸ்டீரோயிட். குளோபெற்றசோல், பீற்றாமெதசோன் முதலிய இம்மருந்துகள் சொறி, கரப்பனுக்கு வைத்தியர் சில நாட்களுக்குக் கொடுப்பவை. முகத்தில் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் சிவந்து தெரியும், பருக்கள் கிளம்பும், உரோமம் வளரும். படர்தாமரை இருந்தால் அது வெறிகொண்டு பரவும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். அந்த எரிவைத் தாங்காமலே பலர் மீண்டும் பூசுகிறார்கள்.

மற்றது பாதரசம். இதற்கு எந்த நன்மையையும் நாம் எழுத முடியாது. சிறுநீரகத்தைப் பழுதாக்குகிறது, நடுக்கம், நித்திரையின்மை, ஞாபகமறதி ஆகியவற்றைத் தருகிறது. பூசுபவரோடு இது நிற்பதுமில்லை. 2010இல் அமெரிக்காவின் கலிபோர்னியா, வேர்ஜீனியா மாநிலங்களில் ஐந்து வீடுகளை ஆராய்ந்தபோது, கிறீம் பூசாத குடும்பத்தவரின் உடலிலும் பாதரசம் கூடுதலாக இருந்தது. துவாய், தலையணை, தாயின் கை என்று எல்லாவற்றிலும் அது ஒட்டுகிறது. பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கை 2013இல் ஏற்கப்பட்டது. இலங்கையும் அதில் ஓர் உறுப்பு நாடு. பத்து இலட்சத்தில் ஒரு பங்கிற்கு மேல் பாதரசம் உள்ள அழகுசாதனங்களை 2020க்குள் ஒழிக்க அது விதித்தது. 2023இல் கூடிய நாடுகள் அந்த ஒரு பங்கையும் அனுமதிப்பதில்லை என்று முடிவுசெய்து, 2025ஐ எல்லையாக வைத்தன. வட மத்திய மாகாணத்திலும் வவுனியாவிலும் கமக்காரரை வாட்டும் சிறுநீரக நோய்க்கு இப்பூச்சுக்களே காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஏற்கெனவே சிறுநீரகத்தைப் பற்றி அஞ்சி வாழும் ஊர்களில் அதைக் கெடுக்கும் இன்னொரு பொருளைக் காசு கொடுத்து வாங்கவேண்டுமா என்றே கேட்கிறோம்.

'மூலிகை', 'இயற்கை' என்ற சொற்களிலும் மயங்க வேண்டாம். ஆர்பியூட்டின் என்று ஒரு பொருள் சில செடிகளின் இலையிலிருந்து கிடைக்கிறது. வெண்மைப் பூச்சுக்களில் சேர்க்கப்படுகிறது. அது உடைந்தால் வெளிவருவது ஐதரோகுவினோனே.

கலியாணப் பேச்சு வரும்போது பிள்ளை 'வெள்ளையா, பொதுநிறமா' என்று கேட்கிறார்கள். சீதனமாகக் கொடுக்கக் காணி இல்லாத வீட்டில், நிறத்தையாவது கொடுப்போம் என்று ஒரு தாய் நினைத்தால் அந்தத் தாயை நாம் குறைசொல்ல மாட்டோம். கேட்பவர்களைத்தான் சொல்வோம். தன் பிள்ளையின் முகத்தைக் கறுக்கச் செய்தது வெயிலென்றால், அந்த வெயிலில் விளைந்த வெங்காயத்தை அவர்களும் உண்கிறார்கள்.

இப்போது செய்யக்கூடியவை

ஏற்கெனவே இத்தகைய கிறீமைப் பாவிப்பவர்கள் வெட்கப்படாமல் அரச மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தோல் சிகிச்சைப் பிரிவு தூரமென்றால், முதலில் அருகிலுள்ள கிளினிக்கிலோ குடும்பநல உத்தியோகத்தரிடமோ பேசி வழி கேளுங்கள். டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எத்தனை மாதம் பூசினீர்கள் என்பதைச் சரியாகச் சொல்லுங்கள். பூசிய இடம் நீலங்கலந்து கறுத்திருந்தால் அன்றே பூசுவதை நிறுத்துங்கள். நிறுத்தும்போதெல்லாம் முகம் சிவந்து எரிகிறதென்றால் ஸ்டீரோயிட் இருக்கக்கூடும்; அதை எப்படி விடுவது என்பதை வைத்தியரே சொல்லவேண்டும். வைத்தியர் தந்த ஐதரோகுவினோன் கிறீமும் காற்றும் வெளிச்சமும் பட்டுக் கபில நிறமாக மாறியிருந்தால் பழுதாகிவிட்டது, அதைப் பூசாதீர்கள்.

முகத்தைக் காக்கச் செலவில்லாத வழிகளும் உண்டு. அகன்ற விளிம்புள்ள ஓலைத்தொப்பி, கழுத்தையும் கன்னத்தையும் மூடும் பருத்தித் துணி, முழுக்கைச் சட்டை. உச்சி வெயிலில் செய்யும் வேலையில் ஒரு பகுதியைக் காலை வேளைக்கு மாற்றித் தரும்படி தோட்டக்காரரிடம் குழுவாகக் கேட்டுப் பாருங்கள். தனித்துக் கேட்பதை விட அது எளிது. மங்கு உள்ளவர்களுக்கு எந்த மருந்தும் பலன் தருவதற்கு இந்த நிழல்தான் அடிப்படை.

சந்தேகமான டப்பாவை அடுப்பில் போட்டு எரிக்க வேண்டாம். பாதரசம் இருந்தால் அது ஆவியாகி வீட்டுக்குள்ளேயே நிற்கும். கிணற்றடியிலோ தோட்டத்திலோ புதைக்கவும் வேண்டாம். மூடியை இறுக்கி, பொலித்தீன் பையொன்றில் கட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எங்கே ஒப்படைப்பது என்று கேளுங்கள். எந்தச் சந்தையில், என்ன பெயரில் வாங்கினீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். அந்தக் கடையில் அடுத்த டப்பாவை வாங்கப்போவது பக்கத்து ஊர்ப் பிள்ளையாக இருக்கலாம்.